கேம் டிசைனர் ஆக வரையவும் கோடிங் எழுதவும் தெரிந்திருக்க வேண்டுமா?

பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பள்ளி நாளிலிருந்தே கேம் ஆடுகிறேன், ஓவியம் சுத்தமாக வராது, கோடிங் சுமார்தான், நான் வீடியோ கேம் டிசைனர் ஆக முடியுமா, அதற்காக நாலு லட்சம் கட்டி ஒரு வருட டிப்ளமோவில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. டிசைனர் என்பவர் உண்மையில் என்ன வேலை பார்க்கிறார், இத்தனை வருடம் ஆடியது கணக்கில் வருமா, அந்த நாலு லட்சம் வீணாகுமா. மூன்றாவதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். ஆனால் முதல் இரண்டும் தெளிந்தால்தான் அதற்கு வர முடியும்.

என்னைப் பற்றி ஒரு வரி. பெங்களூருவில் மொபைல் கேம் ஸ்டூடியோக்களில் பல வருடமாக டிசைனராக இருக்கிறேன். புதிதாக விண்ணப்பிக்கிறவர்களின் வேலைகளைப் பார்த்து நேர்காணலுக்குக் கூப்பிடுவதும் இப்போது என் பொறுப்பு. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து கன்சோலுக்குச் செய்யும் பெரிய கேம்களில் நான் வேலை பார்த்ததில்லை. அந்தப் பக்கம் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேலை. ஆர்ட்டிஸ்ட் வரைகிறார், புரோகிராமர் கோடு எழுதுகிறார், டிசைனர் விதிகளை முடிவு செய்கிறார். 'ஐடியா கொடுப்பவர்' என்று நம்மூரில் ஒரு நினைப்பு இருக்கிறது. ஐடியா எல்லோரிடமும் இருக்கிறது, அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. 1980-ல் நாம்கோ நிறுவனத்தில் டோரு இவடானி உருவாக்கிய, கட்டம் கட்டமான பாதையில் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் பேக்-மேன் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேய்கள் துரத்துகின்றன என்பது ஐடியா. சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்புப் பேய் உங்கள் முகம் திரும்பியிருக்கும் திசையில் 4 கட்டம் தள்ளிக் குறிவைக்கும், அதாவது உங்களை முந்திப்போய் மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சுப் பேய் தூரத்தில் இருக்கும்வரை துரத்தும், 8 கட்டத்துக்குள் நெருங்கிவிட்டால் தன் மூலையைப் பார்த்துத் திரும்பிவிடும். நீலப் பேயின் குறி, சிவப்புப் பேய் எங்கே இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இதுதான் டிசைன். ஒவ்வொரு விதியும் ஒற்றை வரி. நாலும் சேர்ந்தால், பேய்கள் கூடிப் பேசி நம்மை மடக்குகின்றன என்று ஆடுகிறவர் சத்தியம் செய்வார். எல்லாப் பேய்க்கும் சிவப்புப் பேயின் விதியையே கொடுத்திருந்தால் நாலும் ஒரே வரிசையில் பின்னால் வந்துகொண்டிருக்கும், பத்து நிமிடத்தில் கேமை மூடிவிடுவோம்.

இதிலிருந்தே உங்கள் ஓவியக் கவலைக்கு பதில் வந்துவிடுகிறது. டிசைனருக்கு வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இது எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம். டெட்ரிஸின் முதல் வடிவத்தில் படமே கிடையாது. 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதிய எலெக்ட்ரானிகா 60 கணினியில் படம் காட்ட வசதி இல்லை. கட்டங்களை அடைப்புக்குறி எழுத்துகளால் அடுக்கித்தான் காட்டினார். ஏழு துண்டுகள், ஒவ்வொன்றிலும் நாலு சதுரம், வரிசை நிரம்பினால் மறையும். அந்த விதிகளில் ஒரு குறையும் இல்லாததால் அடைப்புக்குறியிலேயே அது ஆட்டமாகிவிட்டது. உங்களுக்கு வேண்டியது, ஒரு திரை எப்படி இருக்க வேண்டும் என்று பேப்பரில் பெட்டி பெட்டியாகப் போட்டு மற்றவருக்கு விளங்க வைக்கும் அளவுக்குக் கிறுக்கத் தெரிவது. கேமின் இடங்களை அமைக்கும் லெவல் டிசைனர்களும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். சாம்பல் நிறப் பெட்டிகளால் இடத்தைக் கட்டி, அதில் ஓடிப் பார்த்து, தூரமும் உயரமும் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஆர்ட்டிஸ்ட் கைக்கே போகும்.

கோடிங் விஷயத்தில் அப்படி ஒரேயடியாக விடுதலை தர முடியாது. கோடே தெரியாத நல்ல டிசைனர்கள் இருக்கிறார்கள், அவர்களுடன் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களில் பலர் வேறு வழியாக உள்ளே வந்தவர்கள். இன்று வெளியிலிருந்து முதல் வேலை தேடுகிறவருக்கு, தன் யோசனையைத் தானே ஆடிப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவரும் அளவுக்குக் கோடிங் தெரிய வேண்டும். அழகான கோடு தேவையில்லை, ஓடினால் போதும். உங்களுக்கு இருக்கும் சுமாரான கோடிங்கே தொடங்குவதற்குத் தாராளம். கேம் செய்ய உதவும் மென்பொருள்களில் யூனிட்டி எடுத்தால் சி ஷார்ப் என்ற மொழி, அன்ரியல் எடுத்தால் கோடு எழுதாமல் திரையில் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் புளூபிரின்ட். கோடோ (Godot) என்ற மூன்றாவது மென்பொருள் முழுக்க இலவசம், திறந்த மூலம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், அதன் மொழி பைத்தான் மாதிரி இருக்கும். எது நல்லது என்று யூடியூபில் ஒரு மாதம் பட்டிமன்றம் பார்க்காதீர்கள். ஏதாவது ஒன்றை எடுத்து உட்காருங்கள், ஒன்றில் கற்றது மற்றதற்கும் உதவும்.

கோடு ஏன் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம். 2018-ல் வந்த செலஸ்ட் (Celeste) என்ற மலையேறும் கேமில் விளிம்பைத் தாண்டிக் கால் அந்தரத்தில் போன பிறகும் 0.1 விநாடிக்குள் குதிக்கும் பட்டனை அழுத்தினால் குதிக்க முடியும். விழுந்திருக்க வேண்டிய ஆளை கேம் கண்டுகொள்ளாமல் காப்பாற்றுகிறது. அதேபோல் தரையைத் தொடும் முன்பே சற்று அவசரப்பட்டு அழுத்தினாலும், அதை நினைவில் வைத்திருந்து தரை தொட்டதும் குதிக்க விடுகிறது. ஆடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. 'கேம் கஷ்டம், ஆனால் நியாயமாக இருக்கிறது' என்று மட்டும் தோன்றும். அந்த 0.1 என்ற எண்ணை 0.05 ஆக்கினால் என்ன உணர்வு, 0.2 ஆக்கினால் என்ன உணர்வு என்று மாற்றி மாற்றி ஆடிப் பார்க்கிறவர்தான் டிசைனர். ஒவ்வொரு முறையும் புரோகிராமரிடம் போய் நின்றால் மூன்றாவது முறை அவர் ஹெட்போன் மாட்டிக்கொள்வார். அந்தக் கேமை உருவாக்கியவர்களே அதன் கதாபாத்திரத்துக்கான கோடிங்கைப் பொதுவெளியில் போட்டிருக்கிறார்கள், தேடிப் படித்துப் பாருங்கள். ஒரு குதிப்புக்குப் பின்னால் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று தெரியும்.

எண்கள் என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். என் அனுபவத்தில் ஒரு டிசைனரின் நாளில் பாதி எக்செல்லில்தான் போகிறது. உயர் கணிதம் தேவையில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கும், நிகழ்தகவில் கொஞ்சம் பிடிப்பும் போதும். ஆனால் அந்தக் கணக்கு கையோடு வர வேண்டும். எதிரிக்கு உயிர் 100, உங்கள் கத்தியின் ஒரு வெட்டுக்கு 20 குறையும் என்று வையுங்கள். ஐந்து வெட்டில் எதிரி காலி. ஆடுகிறவர் காசு சேர்த்துக் கத்தியைத் தீட்டுகிறார், இப்போது ஒரு வெட்டுக்கு 24. இருபது சதவீதம் கூடுதல். ஆனால் நாலு வெட்டுக்கு 96தான் ஆகிறது, எதிரி இன்னும் நிற்கிறான், ஐந்தாவது வெட்டு வேண்டும். அதாவது அவர் சேர்த்த காசுக்குக் கையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 25 கொடுத்திருந்தால் நாலே வெட்டு, கத்தி பளபளவென்று மாறியது போல இருக்கும். 24-க்கும் 25-க்கும் இடையில் இருக்கும் ஒன்று, அதற்கு முந்தைய நாலையும் விடப் பெரிது. இதை எக்செல்லில் பார்த்துப் பிடிப்பது ஒரு திறமை. நேர்காணலில் இதுபோல ஒன்றைக் கொடுத்து, என்ன பிரச்சினை என்று கேட்பேன்.

நிகழ்தகவில் இன்னொரு சிக்கல் உண்டு. கணக்கு சரியாக இருந்தாலும் மனித மனம் அதை ஏற்காது. சிவிலைசேஷன் கேம்களைச் செய்த சிட் மெயர் 2010-ல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் பேசும்போது இதைச் சொன்னார். போரில் ஆடுகிறவரின் பலம் மூன்றுக்கு ஒன்று என்று இருக்கும்போது நாலில் ஒரு முறை தோற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் தோற்றதும் கேமில் கோளாறு என்றார்களாம். பலம் குறைந்த பக்கம் தாங்கள் நின்று அதே நாலில் ஒரு வாய்ப்பில் ஜெயித்தால் யாருக்கும் கோளாறு தெரிவதில்லை! ஃபயர் எம்பளம் என்ற போர் வியூக கேம் தொடரில் 2002-க்குப் பிறகு வந்த பல கேம்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்தன. அடி விழுமா என்று பார்க்கக் குலுக்கலாக ஒரு எண்ணை எடுப்பதற்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்த்தன. திரையில் 75 சதவீதம் என்று போட்டிருந்தால் உண்மையில் சுமார் 88, திரையில் 25 என்றால் உண்மையில் சுமார் 13. பொய்தான், ஆனால் ஆடுகிறவரின் மனக்கணக்குக்கு இதுதான் உண்மை. இப்படிச் செய்வது சரியா என்று டிசைனர்களுக்குள் இன்றும் வாக்குவாதம் உண்டு. தாயக்கட்டையை மாற்றி வைத்து ஆடுவது போலத்தான் இது என்பது என் எண்ணம், இருந்தாலும் ஆடுகிறவருக்குச் சாதகமாக மாற்றும்போது எனக்கு மனம் அவ்வளவு உறுத்துவதில்லை.

அடுத்தது எழுத்து. இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கதை எழுதுவதைச் சொல்லவில்லை, விதியை ஓட்டை இல்லாமல் எழுதுவதைச் சொல்கிறேன். மொபைல் கேம்களில் 'தினமும் வந்தால் ஒரு பரிசுப் பெட்டி' என்று பார்த்திருப்பீர்கள். இதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள் என்று புதியவர்களிடம் கொடுத்தால், ஏழு நாள் பரிசுகளை வரிசையாக எழுதிவிட்டு முடித்துவிடுவார்கள். நாள் என்பது எப்போது தொடங்குகிறது? நள்ளிரவு என்றால் எந்த ஊர் நள்ளிரவு? ஒருவர் போன் கடிகாரத்தை ஒரு நாள் முன்னால் தள்ளிவைத்தால் அடுத்த பெட்டி திறக்குமா? நாலாம் நாள் வராமல் போனால் ஐந்தாம் நாள் பரிசு கிடைக்குமா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? பெட்டியைத் தட்டி, காசு பறந்து வரும் நேரத்தில் நெட் போய்விட்டால்? ஏழாம் நாள் முடிந்த பிறகு எட்டாம் நாள் என்ன? இவற்றுக்கெல்லாம் நீங்கள் பதில் எழுதாவிட்டால் புரோகிராமர் தனக்குத் தோன்றியதைப் போட்டுவிடுவார், பிறகு கேமை டிசைன் செய்தது அவர்தான். இந்த ஆவணங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இலக்கிய ஆங்கிலம் வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியம், ஒரே அர்த்தம் தரும் வாக்கியம், அவ்வளவுதான். தமிழ் வழியில் படித்து வந்து இதைத் தெளிவாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், கான்வென்ட் ஆங்கிலத்தில் குழப்பியடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எழுத்தே இல்லாமல் சொல்லிக் கொடுப்பது இதைவிடக் கஷ்டம். 1985-ல் வந்த சூப்பர் மாரியோவின் முதல் லெவலை ஒரு தடவை மெதுவாக ஆடிப் பாருங்கள். மாரியோ திரையின் இடது பக்கம் வலதைப் பார்த்து நிற்கிறார், வலப்பக்கம் வெறும் இடம். எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்லவில்லை, நம் கை தானாக வலதை அழுத்துகிறது. சற்றுத் தூரத்தில் கோபமான முகத்தோடு ஒரு சின்ன உருவம் எதிரே வருகிறது. குதித்தாக வேண்டும், குதிக்காவிட்டால் செத்து மறுபடி தொடங்குவோம், இழப்பு சில விநாடிதான். அப்புறம் ஒரு கட்டத்தை முட்டினால் காளான் வருகிறது. அது முதலில் விலகி ஓடி, குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கி வருகிறது. எதிரியோ என்று பயந்து குதித்தால், தலைக்கு மேல் செங்கல் தட்டி பெரும்பாலும் காளான் மேலேயே விழுவோம். மாரியோ பெரிதாகிறார். காளான் நல்லது என்று பயந்தவருக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் குழாயும் அந்தச் செங்கலும் அந்த இடத்தில் இருப்பது இதற்காகத்தான் என்று அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே பின்னாளில் விளக்கியிருக்கிறார். இன்று பல மொபைல் கேம்கள் ஒரு கையின் படத்தைப் போட்டு 'இங்கே தட்டு, அங்கே தட்டு' என்று இழுத்துக்கொண்டு போகின்றன. நானும் அந்தக் கையைப் போட்டிருக்கிறேன், நேரம் இல்லாதபோது வேறு வழியில்லை, ஆனால் அது சோம்பேறித்தனமான வழி.

நீங்கள் நினைத்தபடி ஆடுகிறவர் புரிந்துகொள்கிறாரா என்பதை ஆட விட்டுப் பார்த்தால்தான் தெரியும். பிளேடெஸ்ட் என்பார்கள். போனை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். கேட்க எளிது, செய்வது கொடுமை. அவர் தப்பான இடத்தில் தட்டும்போது நாக்கு துடிக்கும். சொல்லக் கூடாது, ஏனென்றால் கேமை இறக்கிக்கொள்ளும் ஒவ்வொருவரின் பக்கத்திலும் நீங்கள் உட்காரப் போவதில்லை. அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட விரல் எங்கே போகிறது என்பதைப் பாருங்கள். நாங்கள் செய்த ஒரு புதிர் கேமில், அலங்காரத்துக்காகச் சுவரில் வைத்திருந்த விளக்கை வந்தவர்கள் எல்லோரும் முதல் வேலையாகத் தட்டினார்கள். அறையில் வெளிச்சமாக இருந்தது அது ஒன்றுதான், தட்டாமல் என்ன செய்வார்கள். விளக்கை எடுத்துவிடலாம் என்று ஒரு கட்சி, விளக்கைத் தட்டினால் புதிரின் முதல் துப்பு தெரியட்டும் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி ஜெயித்தது. நண்பர்களிடமும் வீட்டிலும் காட்டுவது தொடக்கத்துக்குச் சரி, ஆனால் அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து 'சூப்பர்' என்பார்கள். முன்பின் தெரியாதவர்தான் பாதியில் போனைத் திருப்பித் தருவார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, இத்தனை வருடம் ஆடியது கணக்கில் வருமா. ஓரளவுக்கு வரும். ஆடாதவர் டிசைனர் ஆவது ரொம்பக் கஷ்டம். ஆனால் ஆயிரம் மணி நேரம் ஆடியது மட்டும் எதையும் நிரூபிக்காது. 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே ஆடினீர்களா என்பதுதான் விஷயம். வீட்டிலேயே இதைப் பழகலாம். பரமபதத்தில் ஆடுகிறவர் எடுக்கும் முடிவு ஒன்றுகூட இல்லை. கட்டை சொன்ன இடத்துக்குப் போகிறோம், அவ்வளவுதான். தாயத்தில் விழுந்த எண்ணை எந்தக் காயில் நகர்த்துவது என்ற ஒரு முடிவு வருகிறது, உடனே ஆட்டம் சூடாகிவிடுகிறது. ஆடுபுலியில் கட்டையே இல்லை, எல்லாமே முடிவு. நல்ல கேம் என்றால் யோசிக்க வைக்கும் முடிவுகள் அடுத்தடுத்து வர வேண்டும் என்பது மேலே சொன்ன சிட் மெயரின் புகழ்பெற்ற கருத்து. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவர் சொல்வது விளங்கிவிடும். ஆனாலும் சின்னக் குழந்தைகளுக்குப் பரமபதம்தான் பிடிக்கிறது என்பதையும் யோசியுங்கள், முடிவே இல்லாததால் தாத்தாவும் பேத்தியும் சமமாகிவிடுகிறார்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். ஆடுபுலி பொதுவாக 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள் உள்ள கட்டத்தில் ஆடுவது. இரண்டு தரப்புக்கும் பலமும் வேறு, நோக்கமும் வேறு. புலி தாண்டி ஆட்டைத் தின்னும், ஆடுகள் சேர்ந்து புலியை நகர விடாமல் கட்டும். இப்போது ஆட்டின் எண்ணிக்கையை 12 ஆக்கி நண்பருடன் சில ஆட்டங்கள் ஆடுங்கள். பிறகு 18. பிறகு 15 ஆடே வைத்துக்கொண்டு, எல்லா ஆட்டையும் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது என்ற விதியை மட்டும் எடுத்துவிட்டு ஆடுங்கள். யார் ஜெயித்தார், எத்தனையாவது நகர்வில் முடிவு தெரிந்துவிட்டது, எங்கே சலித்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கணினியைத் தொடாமல் ஒரு வாரத்தில் நீங்கள் கேம் டிசைன் செய்துவிட்டீர்கள். இந்த நோட்டை யாராவது நேர்காணலுக்கு எடுத்து வந்தால் நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பேன்.

வேலை தேடும்போது காட்ட என்ன வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முடித்த சின்ன கேம்கள் வேண்டும். முடித்த என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். விண்ணப்பங்களில் அதிகம் வருவது, அறுபது பக்கத்தில் ஒரு மாபெரும் உலகம், பன்னிரண்டு ராஜ்யங்கள், ஆடிப் பார்க்க ஒன்றும் இல்லை. அதைவிட ஐந்து நிமிடத்தில் ஆடி முடிக்கக்கூடிய ஒரே ஒரு யோசனை, தொடக்கமும் முடிவும் உள்ளதாக, பிரவுசரில் சொடுக்கினால் ஓடுவதாக இருந்தால் அதைத்தான் முதலில் திறப்பேன். முடிக்கப் பழக கேம் ஜாம்கள் நல்ல வழி. குறித்த நேரத்துக்குள் கேம் செய்து முடிக்கும் கூடல்கள் அவை. லூடம் டேர் என்ற இணைய ஜாமில் தனியாகச் செய்கிறவர்களுக்கான பிரிவில் 48 மணி நேரம்தான், கொடுத்த தலைப்பில் ஒரு கேமை முடித்துக் காட்ட வேண்டும். குளோபல் கேம் ஜாம் வருடத்துக்கு ஒரு முறை ஜனவரியை ஒட்டி நடக்கும், இந்திய நகரங்களிலும் கூடுகிறார்கள். அங்கேதான் உங்களுக்கு வராத ஓவியம் வருகிற ஒருவரைச் சந்திப்பீர்கள். அமெரிக்காவில் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் சிலர் 2005-ல் படிப்பின் பகுதியாக நார்பாக்குலர் டிராப் என்று ஒரு சின்ன கேம் செய்தார்கள். பார்க்க எளிமைதான், ஆனால் சுவரில் இரண்டு ஓட்டை போட்டு ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியே வரலாம் என்ற ஒரு யோசனையை அது ஒழுங்காகச் செய்து காட்டியது. வால்வ் நிறுவனம் அந்தக் குழுவை அப்படியே வேலைக்கு எடுத்தது, 2007-ல் அதே யோசனையில் போர்ட்டல் என்ற கேம் வந்தது. எல்லோருக்கும் இப்படி நடக்காது. ஆனால் ஸ்டூடியோக்கள் எதைப் பார்த்து ஆள் எடுக்கின்றன என்பது இதில் தெரிகிறது. கேமுடன் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: முதலில் எப்படி இருந்தது, ஆடியவர்கள் எங்கே திணறினார்கள், எதை மாற்றினீர்கள், மாற்றியபின் என்ன ஆனது. பல சமயம் கேமைவிட அந்தப் பக்கத்தைத்தான் கவனமாகப் படிக்கிறேன்.

எதைப் பற்றிச் செய்வது என்று கேட்டால், உங்களுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தேடுங்கள். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023-ல் வெண்பா என்ற கேமை வெளியிட்டது. கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்து மங்கிய சமையல் குறிப்பு நோட்டு, அதில் அழிந்துபோன படிகளை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும் என்பதுதான் ஆட்டம். அடுத்த ஆண்டு அதற்கு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது கிடைத்தது. கதையும் விதியும் எப்படி ஒட்டுகின்றன என்று கவனியுங்கள். குறிப்பில் ஓட்டை விழுந்திருப்பது புதிருக்கும் வேண்டும், விட்டு வந்த ஊர் மங்கிப்போவதைச் சொல்லவும் வேண்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். துப்பாக்கி கேம் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை, உங்களைப் போலவே இன்னும் நூறு பேர் அதே துப்பாக்கி கேமை அனுப்புகிறார்கள் என்று சொல்கிறேன்.

இன்னொன்று, பேச்சு. டிசைனருக்கு யார் மேலும் அதிகாரம் கிடையாது, ஆனால் எல்லோரும் அவர் சொன்னதைத்தான் செய்ய வேண்டும். அதனால் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். ஹேலோ 3 என்ற கேமில், தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர் துப்பாக்கியின் இரண்டு குண்டுகளுக்கு இடையிலான நேரத்தை 0.5 விநாடியிலிருந்து 0.7 ஆக மாற்றியதைப் பற்றி மட்டுமே அதன் டிசைனர் ஜேமி கிரீஸ்மர் 2010-ல் ஒரு முழு உரை நிகழ்த்தினார். 0.2 விநாடிக்கு அவ்வளவு பேச்சா என்று தோன்றினால் இந்த வேலை உங்களுக்குச் சலிக்கும். அட, அதற்குள் இவ்வளவு இருக்கிறதா என்று தோன்றினால் ஒட்டிக்கொள்வீர்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த யோசனையை அணி வேண்டாம் என்று தூக்கிப் போடும், அதற்கும் முகம் சுளிக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டும். வாரத்துக்கு ஒன்றாவது அப்படிப் போகும்.

இதுவரை சொன்னது நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. இனி அவ்வளவு உறுதி இல்லாதது. வேலை கிடைக்குமா என்பதில் யாராவது உத்தரவாதம் தந்தால் நம்பாதீர்கள். உலக அளவில் 2023-லும் 2024-லும் கேம் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வேலையை விட்டு அனுப்பின. அனுபவசாலிகள் பலர் வெளியே நிற்கும்போது புதியவருக்கு இடம் குறையும். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்தது. ரம்மி மாதிரி கேம் நடத்திய நிறுவனங்களில் இருந்த டிசைன் வேலைகளும் அதோடு போயின. நல்ல சம்பளம் கொடுத்த இடங்கள் அவை. அந்த வேலைகள் போனதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் இல்லை, வேலை இழந்தவர்களுக்காக வருத்தம் உண்டு. இந்தியாவில் பெரிய ஸ்டூடியோக்கள் பெங்களூரு, ஹைதராபாத், புனே பக்கம்தான் அதிகம். சென்னையில் குறைவு, அதனால் ஊர் மாறத் தயாராக இருப்பது நல்லது. வெளிநாட்டுக் கேம்களுக்குப் படமும் அனிமேஷனும் செய்து தரும் வேலை இங்கே நிறைய. டிசைன் இருக்கைகள் அதைவிடக் குறைவு. அதனால் சிலர் டெஸ்டராகச் சேர்ந்து, கேமை உடைத்து உடைத்துப் பார்த்துக் கற்று, டிசைனுக்கு மாறுகிறார்கள். அது நல்ல வழிதான், ஆனால் எல்லா ஸ்டூடியோவிலும் அந்தக் கதவு திறந்திருப்பதில்லை. சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை என்ன செய்யும் என்றும் கேட்பீர்கள். இப்போதைக்கு நான் பார்ப்பது, படமும் கோடும் வேகமாக வருகின்றன, எது ஆட நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யும் வேலை அப்படியே இருக்கிறது. ஐந்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, நாலு லட்சம். பட்டப்படிப்பை விடாதீர்கள், அது முதலில். கணினி அறிவியல் கையில் இருந்தால் கேம் துறை கைவிட்டாலும் வேறு வேலைக்குப் போகலாம், விசா போன்ற விஷயங்களுக்கும் பட்டம் கேட்பார்கள். கேம் டிசைன் படித்தே ஆக வேண்டும் என்றால் பெங்களூருவில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டிஜிட்டல் கேம் டிசைனுக்கு முதுகலை இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், இடங்கள் குறைவு. பட்டம் முடித்த பிறகு அதற்கு முயலலாம். தனியார் டிப்ளமோக்களில் நல்லதும் உண்டு. நீங்கள் சொன்ன இடத்தைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, அதனால் நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கட்டும் முன் நேரில் போய், போன வருடம் முடித்தவர்கள் செய்த கேம்களைக் காட்டச் சொல்லுங்கள், வீடியோ வேண்டாம், ஆடிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பாடம் எடுப்பவர் வெளியிட்ட கேம் எது என்று கேளுங்கள். வேலை கிடைத்தவர்களின் பட்டியலைக் காட்டினால், அதில் டிசைனராகச் சேர்ந்தவர் யார், ஆர்ட்டிஸ்டாகவும் டெஸ்டராகவும் சேர்ந்தவர் யார் என்று பிரித்துக் கேளுங்கள். பாடத்திட்டத்தில் மென்பொருள் பெயர்கள் மட்டும் வரிசையாக இருந்து, பிளேடெஸ்ட் என்ற பேச்சே இல்லை என்றால் அது மென்பொருள் வகுப்பு, அவற்றை இணையத்தில் இலவசமாகவே கற்கலாம். இதற்கெல்லாம் நேராக பதில் வந்தால் யோசிக்கலாம். மழுப்பினால் ஒரு நல்ல லேப்டாப் வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த செமஸ்டர் விடுமுறைக்குள் முதல் கேமை முடியுங்கள்.